அவருக்கு எது காலை?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து மூன்று வாரம் ஆகிறது. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், விட்டுவிட்டேன். பதிலைப் பொதுவில் எழுதச் சம்மதித்ததற்கு நன்றி. உங்களைப் போல அமெரிக்காவில் குடும்ப மருத்துவம் கற்பிக்கிற நம்மவர்கள் பலர் இதே குழப்பத்தோடு இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மூன்றரைப் பக்கம், ஆராய்ச்சி உங்களுக்கு ஏன் சரிப்படாது என்பதற்கான காரணங்கள். மீதி அரைப் பக்கம் ஒரு நோயாளியைப் பற்றி. அந்த அரைப் பக்கத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். இறைச்சித் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட்; எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு இயந்திரங்களையும் தரையையும் கழுவிவிடும் வேலை. சர்க்கரையும் உண்டு, ரத்த அழுத்தமும் உண்டு. மாத்திரைக் குப்பியில் 'தினமும் காலையில் ஒன்று, சாப்பாட்டுக்கு முன்' என்று ஒட்டியிருக்கிறது. சொன்னபடியே அவரும் காலை ஏழு மணிக்கு வீடு திரும்பியதும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஏதோ இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். மதியம் வியர்த்துக் கொட்டி, கைநடுக்கத்தோடு எழுந்திருக்கிறார். தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கியிருக்கிறது. அடுத்த முறை வந்தபோது மொழிபெயர்ப்பாளர் வழியாக உங்களிடம் கேட்டாராம்: "டாக்டர், எனக்கு எது காலை?"

அவருக்கு மட்டும் நேரத்தை மாற்றி எழுதிக் கொடுத்தீர்கள். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. இந்த ஊரில் இரவு வேலைக்காரர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் இப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க நினைத்து, க்ளினிக்கின் கம்ப்யூட்டரைத் துழாவியிருக்கிறீர்கள். புகைபிடிப்பாரா, குடிப்பாரா என்பதற்கெல்லாம் அதில் கட்டம் இருக்கிறது. எந்நேரம் தூங்குகிறார் என்பதற்குக் கட்டம் இல்லை. இதை எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே, "நான் வெறும் ஃபேமிலி டாக்டர்தானே, இதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிப் பேராசிரியர்கள் பார்க்க வேண்டிய வேலை" என்று முடித்துவிட்டீர்கள்.

அந்த வரியை நான் ஏற்கவில்லை. இந்தக் கடிதம் முழுவதும் அந்த ஒரு வரிக்கான பதில்தான்.

அந்த மனிதர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவே மாட்டார். போனாலும் மயங்கி விழுந்த பிறகு, ஆம்புலன்ஸில் போவார். அங்கே குளூக்கோஸ் ஏற்றி, 'சர்க்கரை குறைந்தது' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். 'எது காலை' என்ற கேள்வி அங்கே எழுவதற்கு வழியே இல்லை. இருபது நிமிட அப்பாயின்ட்மெண்டில், கதவு சாத்திய ஒரு சின்ன அறையில், அவரை ஏழாவது முறையாகப் பார்க்கிற ஒருவரிடம்தான் அதைக் கேட்க முடியும். கேட்கப்பட்டது உங்களிடம்.

1961இல் கெர் வைட் என்பவரும் அவருடைய இரண்டு சகாக்களும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கிடைத்த கணக்குகளை வைத்து அவர்கள் காட்டியது இது: வயது வந்த 1,000 பேரை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதாவது ஒரு உடம்புக் கோளாறு வருகிறது. 250 பேர் டாக்டரைப் பார்க்கிறார்கள். 9 பேர் ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள். பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறவர் ஒரே ஒருவர். நாற்பது ஆண்டு கழித்து, 2001இல், லேரி கிரீன் என்ற குடும்ப மருத்துவரும் சகாக்களும் அதே கணக்கை மறுபடி போட்டார்கள். ஸ்கேனும் ஸ்டென்டும் வந்து உலகமே மாறியிருந்த காலம் அது. கணக்கு மட்டும் அதிகம் மாறவில்லை. பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் படுக்கிறவர் ஆயிரத்தில் ஒருவரைவிடவும் குறைவு.

அந்தக் கணக்கை முதல் முறை பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சி இன்றும் நினைவிருக்கிறது. நாம் படித்த பாடப் புத்தகங்கள், நாம் மனப்பாடம் செய்த அளவுகள், நாம் நோயாளிக்குச் சொல்லும் வாய்ப்பு விகிதங்கள் எல்லாவற்றிலும் பெரும்பகுதி அந்த ஒருவரை வைத்து எழுதப்பட்டவை. மற்ற 249 பேரில் பலர் நம் அறைக்குத்தான் வருகிறார்கள். அவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது அவ்வளவு குறைவு. தலைவலி என்று வருகிறவருக்கு ஸ்கேன் எப்போது வேண்டும், களைப்பு என்று வருகிற பெண்ணுக்கு ரத்தத்தில் எதைத் தேடுவது, இதற்கெல்லாம் ஆஸ்பத்திரி வார்டில் விடை கிடைக்காது. வார்டுக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே சலித்து எடுக்கப்பட்டவர்கள்.

சின்ன ஊர் டாக்டரால் என்ன முடியும் என்று கேட்டிருந்தீர்கள். ஜார்ஜியா மாநிலத்தில் க்ளாக்ஸ்டன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே கர்டிஸ் ஹேம்ஸ் என்ற டாக்டர் பொது மருத்துவம் பார்த்துவந்தார். தன்னிடம் வருகிற கறுப்பின மக்களுக்கு ரத்த அழுத்தம் அதிகமாக இருந்தும், வெள்ளையர்களுக்கு வருகிற அளவுக்கு மாரடைப்பு வரவில்லையே என்று அவருக்குப் பட்டது. பாடப் புத்தகத்தின்படி அப்படி இருக்கக் கூடாது. தனக்குத்தான் தப்பாகப் படுகிறது என்று அவர் விட்டுவிடவில்லை. 1960இல் தொடங்கி, அந்தக் கவுண்டியில் 3,000க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். எவன்ஸ் கவுண்டி இதய ஆய்வு என்று அதற்குப் பெயர். இன்று அமெரிக்கக் குடும்ப மருத்துவத்தில் ஆராய்ச்சிக்காகத் தருகிற பெரிய விருது ஹேம்ஸின் பெயரில் இருக்கிறது. அவர் தன் ஊரை விட்டுப் போய் அதைச் செய்யவில்லை. அந்த ஊரில் இருந்ததால்தான் செய்ய முடிந்தது.

இங்கிலாந்தில் வில்லியம் பிக்கிள்ஸ் என்ற கிராமத்து டாக்டர், யார் வீட்டில் எந்த நாளில் யாருக்குக் காய்ச்சல் வந்தது என்று குறித்துவைத்தே மஞ்சள் காமாலை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றி வெளிப்பட எத்தனை நாள் ஆகிறது என்று கண்டார். அந்தக் குறிப்புகளை வரைபடங்களில் அன்றாடம் நிறம் தீட்டிப் பதித்துக் கொடுத்தது அவர் மனைவி.

பால் லிட்டிலின் ஆய்வு உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்; தெரியாவிட்டாலும் அதன் பயனை நீங்கள் தினமும் அனுபவிக்கிறீர்கள். அவர் பிரிட்டனில் சவுத்தாம்ப்டன் பகுதியில் பொது மருத்துவர். தொண்டை வலி என்று வருகிறவர்களுக்கு ஆன்டிபயாடிக் எழுதலாமா வேண்டாமா என்பது தினமும் பத்துத் தடவை வரும் சங்கடம். 1997இல் வெளிவந்த அவருடைய ஆய்வில் எழுநூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் குலுக்கல் முறையில் மூன்று வகையாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு உடனே ஆன்டிபயாடிக். ஒரு பகுதிக்குக் கிடையாது. மூன்றாவது பகுதிக்கு, 'மூன்று நாளில் குறையாவிட்டால் வந்து சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள்' என்ற பதில். மூன்றாம் நாள் முடிவில் தேறியவர்களின் விகிதத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. காத்திருக்கச் சொன்னவர்களில் பத்தில் ஏழு பேர் மருந்தைத் தொடவே இல்லை. இன்னொன்றும் தெரிந்தது: உடனே மருந்து வாங்கிப்போனவர்கள், அடுத்த முறை தொண்டை வலித்தாலும் டாக்டரிடம் வர வேண்டும் என்று அதிகமாக நம்பினார்கள். நாம் எழுதிக் கொடுக்கிற சீட்டே அடுத்த வருகையை உண்டாக்குகிறது என்பதை, எந்தத் தொண்டை நிபுணரும் கேட்டிருக்க முடியாது. கேட்கத் தேவையே அவருக்கு வந்திருக்காது.

நம் ஊரிலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வில் 193 நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தார்கள். மற்றவர்கள் அவரவர் வீட்டிலேயே, நெருக்கடியான குடியிருப்புகளிலேயே மருந்து சாப்பிட்டார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். வீட்டாருக்கும் கூடுதலாக நோய் தொற்றவில்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட அதுவும் ஒரு காரணம். மருத்துவக் கல்லூரியில் இந்த ஆய்வை எங்களுக்கு ஒரே வரியில் சொல்லிக் கடந்தார்கள். அந்த ஆய்வு நடந்த சேத்துப்பட்டு வழியாகப் பஸ்ஸில் போன நாட்களில் அதன் அருமை எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று இப்போது வருந்துகிறேன்.

சரி, கேள்விகள் இங்கே இருக்கின்றன என்றால், கேட்கிறவர்கள் ஏன் இவ்வளவு குறைவு?

அமெரிக்காவில் குடும்ப மருத்துவம் ஒரு தனிச் சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டது 1969இல். அப்போது நாட்டுக்குத் தேவைப்பட்டது நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர்கள். துறைகள் அதற்காகவே கட்டப்பட்டன: பயிற்சி கொடு, நோயாளியைப் பார். ஆராய்ச்சி யாருடைய வேலையாகவும் வைக்கப்படவில்லை. பணம் தருகிற தேசிய சுகாதார நிறுவனத்தைப் பாருங்கள். அதற்குள் 27 நிறுவனங்களும் மையங்களும் இருக்கின்றன. இதயத்துக்கு, கண்ணுக்கு, சிறுநீரகத்துக்கு, புற்றுநோய்க்கு என்று பெரும்பாலும் உறுப்பும் நோயுமாகப் பிரிந்து கிடக்கின்றன. குடும்ப மருத்துவத்துக்கு என்று அங்கே ஒரு தனி வாசல் கிடையாது. சர்க்கரையும் அழுத்தமும் இரவு வேலையும் ஒன்றாக வந்த உங்கள் நோயாளியை எந்தக் கதவைத் தட்டி உள்ளே அழைத்துப்போவது? அந்த நிறுவனம் கொடுக்கும் நிதியில் குடும்ப மருத்துவத் துறைகளுக்கு வந்து சேர்வது நூற்றுக்கு 0.2 அளவில் இருந்ததாக 2002 முதல் 2014 வரையிலான கணக்கு சொல்கிறது. ஆயிரம் டாலரில் இரண்டு டாலர். நாட்டில் டாக்டர்களின் அறைக்கு வரும் வருகைகளில் ஏறக்குறையப் பாதி முதல்நிலை மருத்துவர்களிடம்தான். இந்த ஏற்றத்தாழ்வை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

என் கதையையும் சொல்கிறேன். உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தபோது எனக்கு வாரத்தில் அரை நாள் ஆராய்ச்சிக்கு என்றார்கள். புதன்கிழமை பிற்பகல். முதல் மாதம் கிடைத்தது. இரண்டாவது மாதம் ஒரு சக மருத்துவர் பிரசவ விடுப்பில் போனார். அவருடைய நோயாளிகள் புதனுக்கு வந்தார்கள். பிறகு ஃப்ளூ சீசன். பிறகு ஒரு ரெசிடென்ட் தடுமாறுகிறார், உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள் என்றார்கள். இதில் எதையும் நான் மறுத்திருக்க முடியாது, மறுக்கவும் மனம் வரவில்லை. ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தபோது எனக்கு உண்மையாகக் கிடைத்த புதன்கிழமைகள் ஒன்பது. அந்த ஒன்பதில் ஒரு விண்ணப்பம் எழுதினேன். அது போதாமல், இரவு பதினொன்றுக்குமேல், குழந்தைகள் தூங்கியபின், சமையலறை மேசையிலும். அது மதிப்பீட்டுக் கூட்டத்தில் பேசப்படாமலே திரும்பி வந்தது. வருகிற விண்ணப்பங்களில் பாதியளவு அப்படித்தான் திரும்பும் என்பதுகூட எனக்கு அப்போது தெரியாது. எனக்கு மட்டும்தான் நடந்தது என்று நினைத்துக்கொண்டு ஓராண்டு அதை யாரிடமும் சொல்லவில்லை. என் துறையில் இருந்த ஒருவரும் அதுவரை அப்படி ஒரு விண்ணப்பம் எழுதியதில்லை. சொல்லியிருந்தாலும் என்ன செய்வது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

எனக்கு அன்று இல்லாமல் இருந்தவை நேரமும், வழி தெரிந்த ஒரு ஆளும், கூடப் போகிற துணையும்தான். ஃபெலோஷிப் என்பது இந்த மூன்றையும் ஒரே இடத்தில் கட்டித் தருகிற ஏற்பாடு. உங்கள் துறைத் தலைவர் அனுப்பிய ஃபெலோஷிப் அறிவிப்பைக் 'கெட்டிக்காரர்களுக்கான பரிசு' என்று நீங்கள் படித்துவிட்டதால் இதைச் சொல்கிறேன்.

இரண்டு விதம் உண்டு. ஒன்று, வேலையை விட்டுவிட்டோ முக்கால்வாசி குறைத்துக்கொண்டோ இரண்டு ஆண்டு போய் ஆய்வு முறைகளைப் படிப்பது. தேசிய மருத்துவர் அறிஞர் திட்டம் என்று யேல், பென்சில்வேனியா, மிச்சிகன், லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகங்களில் நடப்பது இந்த வகை. ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளை 1970களின் தொடக்கத்திலிருந்து நடத்திய பழைய திட்டத்தின் வாரிசு அது. அங்கிருந்து வந்தவர்கள் பெரிய வேலை செய்திருக்கிறார்கள். ஆனால் வீட்டுக் கடன், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், பக்கத்து ஊரில் கணவரின் வேலை என்று உங்கள் நிலைக்கு அது இப்போது பொருந்தாது.

இன்னொன்று, இருக்கிற இடத்தில் இருந்துகொண்டே செய்வது. நாப்க்ராக் என்று நாங்கள் கூப்பிடும் வட அமெரிக்க முதல்நிலை மருத்துவ ஆராய்ச்சிக் குழு, 1972இல் தொடங்கியது. அதன் ஆதரவோடு 1990களின் நடுவில் தொடங்கியது கிராண்ட் ஜெனரேட்டிங் ப்ராஜெக்ட். ஓராண்டு. ஊரை விட்டு நகர வேண்டாம். குறிப்பிட்ட சில நாட்கள் மட்டும் எல்லோரும் ஒன்றுகூடுவார்கள். பேரிலேயே நோக்கம் இருக்கிறது: ஓராண்டு முடிவில் உங்கள் கையில் அனுப்பத் தயாரான ஒரு கிராண்ட் விண்ணப்பம் இருக்க வேண்டும். நான் உங்களுக்குச் சொல்வது இந்த வகையை.

அங்கே என்ன நடக்கும் என்று கேட்டீர்கள். நான் போன ஓராண்டு ஃபெலோஷிப்பில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் நாள் ஒரே ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். அந்தப் பக்கத்துக்கு 'எய்ம்ஸ்', அதாவது நோக்கங்கள், என்று பெயர். என்ன கண்டுபிடிக்கப் போகிறாய், ஏன், எப்படி, அது தெரிந்தால் யாருக்கு என்ன. முழு விண்ணப்பத்தில் படிக்கிறவர் உண்மையில் மனம் ஊன்றிப் படிப்பது அதைத்தான். நான் என் பக்கத்தில் உலகத்தையே மாற்றுவதாக எழுதியிருந்தேன். வழிகாட்டியாக வந்த பெண்மணி, முனை தேய்ந்த ஒரு பென்சிலை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் ஒரே கேள்வியை எழுதினார்: 'இதை எதைக் கொண்டு அளப்பீர்கள்?' பதினொரு இடத்தில் என்னிடம் பதில் இல்லை. அந்தப் பக்கத்தை அந்த ஓராண்டில் இருபது தடவைக்கு மேல் திருத்தி எழுதினேன்.

பிறகு ஒத்திகை மதிப்பீடு. சக ஃபெலோக்கள் ஆளுக்கு மூன்று விண்ணப்பங்களைப் படித்து, நிஜக் கூட்டத்தில் செய்வதுபோலவே ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பெண் போட்டு, எதிரிலேயே விவாதிப்பார்கள். ஒன்றுதான் சிறந்தது, ஒன்பது மோசம். என்னுடையதைப் பற்றிப் பேசும்போது நான் வாயைத் திறக்கக் கூடாது. மிசௌரியிலிருந்து வந்த ஒருவர், "கேள்வி நல்ல கேள்வி, ஆனால் இவர் நோயாளிகளை எங்கிருந்து சேர்க்கப் போகிறார் என்று நாலாவது பக்கத்திலும் தெரியவில்லை" என்றார். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். முன்பு திரும்பி வந்த விண்ணப்பமும் இதே காரணத்துக்காகத்தான் திரும்பியிருக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. அடுத்தவருடைய விண்ணப்பத்தைப் படிக்கும்போது நாம் எவ்வளவு சீக்கிரம் சலிப்படைகிறோம் என்பதை ஒருமுறை அனுபவித்துவிட்டால், நாம் எழுதும் முறையே மாறிவிடுகிறது.

அந்தக் குழுவில் இருந்தவர்களோடு இன்றும் பேசுகிறேன். ஒருவருக்குப் பணம் கிடைத்தால் எல்லோருக்கும் செய்தி வரும். கிடைக்காவிட்டாலும் வரும். என் முதல் விண்ணப்பத்தை ஓராண்டு ஒளித்துவைத்த எனக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று உங்களுக்கு எழுத்தில் சொல்ல முடியவில்லை.

இப்போது சில நடைமுறை விஷயங்கள். விண்ணப்பிக்கும் முன்பே துறைத் தலைவரிடம் போய், நேரத்தை எழுத்தில் வாங்குங்கள். 'வாரத்தில் ஒரு நாள்' என்று மட்டும் எழுதினால் அது என் புதன்கிழமை மாதிரி ஆகிவிடும். எந்த நாள், அன்று உங்கள் நோயாளிகளை யார் பார்ப்பார், அன்று வரும் ஃபோன்களுக்கு யார் பதில் சொல்வார், உங்கள் மாத இலக்கில் எத்தனை ஆர்.வி.யூ. (நம் வேலையை அளக்கும் அலகு) குறைப்பார்கள் என்பது வரை எழுதப்பட வேண்டும். நாள் ஒதுக்கிவிட்டு இலக்கைக் குறைக்காவிட்டால், அந்த நாளின் வேலை மற்ற நான்கு நாட்களின் தலையில் ஏறிக்கொள்ளும். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். நம் வளர்ப்பில் பெண்பிள்ளைகளுக்குக் கேட்காமல் சமாளிக்கத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இதில் அது உதவாது.

வழிகாட்டி ஒருவர் போதாது. ஆய்வு முறை தெரிந்தவர் ஒருவர் வேண்டும். அவர் உங்கள் துறையில் இருக்க வேண்டியதில்லை, உங்கள் ஊரிலும் இருக்க வேண்டியதில்லை. உங்கள் வேலைப் பாதையைக் கவனித்து, எதற்கு 'முடியாது' என்று சொல்ல வேண்டும் என்று சொல்லித்தருகிறவர் இன்னொருவர். புள்ளியியல் நிபுணரை ஆய்வு முடிந்தபின் தேடிப் போகாதீர்கள், எழுதத் தொடங்கும் நாளிலேயே கூட உட்காரவையுங்கள். அதோடு அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவரை, முடிந்தால் அந்த மனிதரையே, ஆலோசகராகக் கேளுங்கள். அவருடைய நேரத்துக்குப் பணம் கொடுக்க விண்ணப்பத்தில் இடம் வையுங்கள். வெட்டி முடித்த இயந்திரத்தை எத்தனை மணிக்குக் கழுவத் தொடங்குகிறார்கள், இடைவேளை எப்போது, கையுறையைக் கழற்றாமல் மாத்திரை போட முடியுமா என்பதெல்லாம் நமக்குத் தெரியாது.

விசா பற்றி நீங்கள் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள், ஆனால் வரிகளுக்கு இடையில் அது இருக்கிறது. கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவர்களுக்கு இந்தப் பாதையில் ஒரு வளைவு உண்டு. அடுத்த படியாக எல்லோரும் சொல்கிற, தேசிய சுகாதார நிறுவனத்தின் கே-23 போன்ற வாழ்க்கைப்பணி விருதுகள் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்களுக்கு மட்டும். மேலும் அவற்றில் உங்கள் நேரத்தில் 75 விழுக்காடு ஆராய்ச்சிக்கு என்று துறை உறுதி தர வேண்டும். ஆனால் ஆர்-01, ஆர்-03 போன்ற ஆய்வு நிதிகளுக்குத் தலைமை ஆய்வாளர் குடிமகனாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விண்ணப்பிப்பது உங்கள் பல்கலைக்கழகம். என் தலைமுறையில் பலர் இதை அறியாமலே, 'கார்டு வரட்டும்' என்று பத்தாண்டு காத்திருந்துவிட்டு, அதற்குள் கேள்வியையே மறந்துபோனார்கள். நீங்கள் காத்திருக்க வேண்டாம். சிறிய நிதியில் தொடங்குங்கள். மாநில அளவில், மருத்துவ அமைப்புகளின் அறக்கட்டளைகள் அளவில் சில ஆயிரம் டாலர் தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் கேள்வியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரத்த அழுத்த மாத்திரையைக் காலையில் போடுவதா மாலையில் போடுவதா என்று பிரிட்டனில் 21,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2022இல் முடிவு வந்தது. மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் வித்தியாசம் இல்லை, அவரவருக்கு வசதியான நேரத்தில் போடலாம் என்றார்கள். இதைப் படித்துவிட்டு, கேள்விக்கு விடை வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். காலை, மாலை என்ற பிரிவே இரவில் தூங்குகிறவருடைய நாளை வைத்து வகுக்கப்பட்டது. சர்க்கரை மாத்திரையிலோ விஷயம் இன்னும் கடுமை. சில மாத்திரைகள் போட்ட பிறகு சாப்பாடு போகாவிட்டால் ஆபத்து. எனவே மூன்று வருடத்துப் பெரிய திட்டம் எதுவும் இப்போது வேண்டாம். உங்கள் க்ளினிக்கிலும் பக்கத்து இரண்டு க்ளினிக்குகளிலும் இரவு வேலை பார்க்கிற சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர், ஒரு வாரத்தில் அவர்கள் எந்நேரம் தூங்குகிறார்கள், எந்நேரம் சாப்பிடுகிறார்கள், எந்நேரம் மாத்திரை போடுகிறார்கள், அந்த வாரத்தில் எத்தனை தடவை சர்க்கரை இறங்கியது. இவ்வளவுதான் முதல் ஆய்வு. இதை ஓராண்டில் செய்துவிட முடியும்.

கடைசியாக, நீங்கள் எழுதிய ஒரு பயத்துக்கு வருகிறேன். வாரத்தில் ஒரு நாள் போனால், 'என் நோயாளிகளுக்குத் துரோகம் செய்வது போல இருக்கும்' என்றீர்கள். அந்த உறுத்தல் உங்களுக்கு இருப்பதாலேயே உங்களை நம்புகிறேன்.

வேல்ஸில் க்ளின்கோரக் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமம். ஜூலியன் டியூடர் ஹார்ட் அங்கே டாக்டர். 1968இல் 20 வயதிலிருந்து 64 வயது வரை ஊரில் கிட்டத்தட்ட ஒருவர் விடாமல் ரத்த அழுத்தம் பார்த்தார். மருத்துவ உதவி யாருக்கு அதிகம் வேண்டுமோ அவர்களுக்கே மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்று அவர் 1971இல் லான்செட்டில் எழுதியதுதான் இன்றும் எல்லோரும் சொல்லும் 'தலைகீழ்ப் பராமரிப்பு விதி'. பெரிய நகரத்தில் பதவி தேடிப் போகாமல், அதே சிகிச்சையறையில் அதே குடும்பங்களைப் பார்த்துக்கொண்டே இதைச் செய்தார். இருபத்தைந்து ஆண்டுக் கணக்கை 1991இல் வெளியிட்டபோது, அகால மரணங்கள் பக்கத்துக் கிராமத்தைவிட 28 விழுக்காடு குறைவாக இருந்தன. அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வது, அந்த ஊரில் தாத்தாவோடு கூடுதலாகச் சில வருடம் விளையாடிய பேரப்பிள்ளைகளைத்தான். அவர் நோயாளிகளை எண்ணியது நோயாளிகளை விட்டுப் போவதற்காக அல்ல.

நீங்களும் க்ளினிக்கை முழுவதும் விட்டுவிடாதீர்கள். ஆராய்ச்சி நன்றாகப் போகத் தொடங்கினால் யாராவது வந்து, 'இனி க்ளினிக் எதற்கு' என்று சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். வாரத்தில் இரண்டு நாளாவது அந்த அறையில் உட்காருங்கள். அடுத்த கேள்வியும் அங்கேதான் வரும்.

அந்த மனிதர் அடுத்து எப்போது வருகிறார் என்று எழுதவில்லை. வரும்போது அவரிடம் கேளுங்கள், நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள் என்று. பதிலை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். அதற்குப் பிறகு வருகிற இரவு ஷிஃப்ட்காரர்களிடமும் இதையே கேளுங்கள். பத்துப் பேர் ஆனதும் அந்த ஒரு பக்கத்தை எழுதி எனக்கு அனுப்பிவையுங்கள். ஓரத்தில் எழுத நான் பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு பழைய குடும்ப மருத்துவர்